ஒரு கட்டுவிரியனும் பதினொன்றாம் வகுப்பும்

போன மாதம் ரெஹானா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்த விலங்கியல் ஆசிரியை அவள்.

"டீச்சர், நம்ம லேப்ப மாத்திக் கட்டுறாக. டிஜிட்டல் போர்டு வருது. பாம்பு, தவளை போட்டு வச்ச பழைய பாட்டில எல்லாம் வெளிய எடுத்து வைக்கச் சொல்லிட்டாக. ஒங்க கட்டுவிரியன என்ன செய்யட்டும்?"

"அலமாரியில இடம் இருந்தா வை. இல்லேன்னா எனக்கு ஒண்ணும் சங்கடமில்லம்மா. நான் பாட்டில வச்சா பாடம் நடத்துனேன்?"

அவள் விடவில்லை. "பெரிய பிள்ளைகளோட அக்கா, அண்ணனெல்லாம் இன்னும் சொல்லுதுக. ஒரே பாம்ப வச்சு வருஷம் பூராவும் நடத்துனீகளாமே. எனக்கு ஒரு பாடத்த முடிக்கவே மூச்சு முட்டுது. எப்படி டீச்சர் சமாளிச்சீக?"

இதைப் போனில் சொல்லி முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் தற்பெருமை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள் என்றும் சொன்னேன். சொன்னபடி எழுதுகிறேன். என் வேலையில் நான் பெருமைப்படக்கூடாது என்று யாரும் இதுவரை அரசாணை போடவில்லை.

நான் படித்ததும் பி.எட். முடித்ததும் மதுரைப் பக்கம். பிறகு சம்பளம் என்று சொல்லிக்கொள்ள முடியாத ஒரு சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் சில வருடங்கள் இருந்தேன். அதற்கப்புறம்தான் காரைக்குடிக்குப் பக்கத்தில், அமராவதிபுதூர் போகிற வழியில் இருக்கும் அந்தப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதுவரை நானும் எல்லாரையும் போலத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். புத்தகத்தைத் திறப்பேன், முக்கியமான வரிக்கு அடிக்கோடு போடச் சொல்வேன், மறுநாள் ஒப்பிக்கச் சொல்வேன். பிள்ளைகள் அசிட்டைல்கோலின் என்ற பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவார்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால் என் முகத்தையே பார்ப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில் பதினொன்றாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர், செத்த பாம்பு ஒன்றைக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார்கள். சைக்கிள் நிறுத்துமிடத்தில் அடித்ததாம். மெடல் வாங்கப்போகிறவர்கள் மாதிரி நின்றார்கள்.

"டீச்சர், கட்டுவிரியன். பாருங்க, வெள்ளப் பட்டை."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் திட்டாமல், செய்தித்தாளை விரித்துப் போட்டு அதன்மேல் வைக்கச் சொன்னேன். அலமாரியில் எனக்கு முன்னாலிருந்தே கிடந்த கட்டுவிரியன் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். "ரெண்டும் ஒண்ணுதானான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

பாட்டிலில் இருந்த பாம்புக்கு வெள்ளைப் பட்டைகள் தலையை ஒட்டி இல்லை, உடம்பில் கொஞ்சதூரம் தள்ளித்தான் ஆரம்பித்தன. முதுகின் நடுவில் மற்றவற்றைவிடப் பெரிதாக, ஆறு பக்கம் கொண்ட செதில்கள் ஒரே வரிசையாக ஓடின. அடிபட்ட பாம்புக்குப் பட்டை கழுத்திலேயே ஆரம்பித்தது, முதுகில் பெரிய செதிலும் கிடையாது. அது வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது, வீட்டுச் சுவரில் பல்லி பிடித்துத் தின்று பிழைப்பது.

வகுப்பே மேசையைச் சுற்றிக் கூடிவிட்டது. விஷமில்லாத பாம்பு எதற்கு விஷப்பாம்பு வேஷம் போடுகிறது என்று ஒருத்தி கேட்டாள். வேஷம் போட்டால்தான் மற்றப் பிராணி பயந்து விலகும் என்றான் ஒருவன். "வேஷம் போட்டதாலதான இவிங்க அடிச்சாய்ங்க" என்றாள் அவள். அன்று மணி அடித்தும் யாரும் போகவில்லை. இயற்கைத் தேர்வைப் பற்றி அதற்கு முன்பு நான் எத்தனையோ தரம் நடத்தியிருக்கிறேன், ஒரு பிள்ளைகூட எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று புத்தகத்தைத் திறக்காமலே இவ்வளவு வாதம் நடக்கிறதே, வருடம் முழுக்க இப்படியே போனால் என்ன என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அடுத்த ஜூனில் ஆரம்பித்தேன். முதல் வகுப்பில் கரும்பலகையில் கட்டுவிரியன் என்று மட்டும் எழுதுவேன். வீட்டிலும் தெருவிலும் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று கேட்டு வர வேண்டும். உயிருள்ள பாம்பைத் தேடவும் கூடாது, தொடவும் கூடாது, தற்செயலாகப் பார்த்தால் தள்ளி நின்று ஆளைக் கூப்பிட வேண்டும். இதை மீறுகிறவர்கள் வருடம் முழுக்கத் தாவரவியல் மட்டும் படிக்க வேண்டும் என்பேன். தாவரவியல் சாருக்கு அதில் ரொம்ப வருத்தம்.

மறுநாள் வந்து கொட்டுவார்கள். எட்டடி விரியன் என்பார்கள், கடித்தால் எட்டடி வைப்பதற்குள் ஆள் காலி என்பார்கள். தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை உறிஞ்சிவிடும் என்பது எல்லா வருடமும் வரும். நான் எதையும் பொய் என்று தள்ளமாட்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். "எதப் பாத்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பாக?"

இந்தக் கேள்வியை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கற்கவில்லை, என் சொந்தச் சரக்கு. மூச்சை உறிஞ்சும் என்று ஏன் சொன்னார்கள்? தரையில் படுத்த ஆள் காலையில் எழுந்திருக்கவில்லை. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை, கடித்த தடம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் நின்றிருக்கிறது. பார்த்தவர்கள் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் அந்த விஷம் மூச்சை எப்படி நிறுத்துகிறது? நுரையீரலைத் தொடுகிறதா, மூளையைத் தொடுகிறதா, நெஞ்சுக்கூட்டை அசைக்கும் தசையைத் தொடுகிறதா? இப்படிப் போய்ச் சேருகிற இடத்தில்தான், நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டுபோகிற அந்த அசிட்டைல்கோலின் உட்கார்ந்திருக்கும். இரண்டு வாரம் தேடிப் போய்ப் பார்த்த ஆளின் பெயர் யாருக்காவது மறக்குமா?

மழைக்காலத்தில் ஏன் வீட்டுக்குள் வருகிறது, இருட்டில் மட்டும் ஏன் நடமாடுகிறது என்றால் உடல் வெப்பம், வாழிடம், இரை எல்லாம் வந்துவிடும். அது மற்றப் பாம்புகளையும் தின்னும் என்றால் உணவு வலை. எச்சத்தில் வெள்ளையாக இருப்பது என்ன என்றால் சிறுநீரகமும் யூரிக் அமிலமும். நீள உடம்புக்குள் இரண்டு சிறுநீரகமும் எப்படி அடங்கும் என்றால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக. விஷமுறிவு மருந்தைக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது எதற்கு என்றால் நோய்த்தடுப்பு மண்டலம். தாவரவியல் சார் ஒருநாள் ஆசிரியர் அறையில் வைத்து, "டீச்சர், ஒங்க பாம்பு புல்லு திங்குமா? தின்னா என் பாடத்தையும் சேத்து நடத்திருங்க" என்று கேலி செய்தார். "புல்ல எலி திங்குது, எலிய அது திங்குது. ஒங்க பாடம் அது வயித்துக்குள்ளதான் சார் கிடக்கு" என்றேன். அன்றிலிருந்து எனக்கே விரியன் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இதற்கெல்லாம் வில்லங்கம் வராமலா இருக்கும்? பிள்ளைகள் கையில் பாம்பைக் கொடுக்கிறார்கள் என்று இரண்டு பெற்றோர் வந்து புகார் சொல்லிவிட்டார்கள். அப்போது தலைமையாசிரியை தெய்வானை மேடம். கணக்கு ஆசிரியையாக இருந்து மேலே வந்தவர். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. "எனக்கு ஒண்ணு விளங்கல" என்று ஆரம்பிப்பார். அந்த வார்த்தை வந்தால் எதிரில் நிற்கிறவர் பதிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

"எனக்கு ஒண்ணு விளங்கல டீச்சர். புஸ்தகத்துல இருக்குறது அம்புட்டுப் பாடம். நீங்க ஒரு பாம்பப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீக. மிச்சத்த யாரு நடத்துறா?"

நான் விளக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மறுநாள் என் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில், ஒரு பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லி, உட்கார்ந்துகொண்டார். பேனாவை எடுத்து நான் சொல்வதைப் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதினார். இப்படி ஒரு வாரம் வந்தார். வாரக் கடைசியில் நான் வைத்த தேர்வையும் எழுதினார். நான் திருத்திக் கொடுத்ததும், எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் எழுந்து நின்று, "எனக்கு எதுக்கு டீச்சர் ரெண்டு மார்க் கொறச்சீக?" என்று கேட்டார். இதயத்துக்கு நான்கு அறை என்று எழுதியிருந்தார். பாம்புக்கு மூன்று என்றேன். விடைத்தாளை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, "சரி, கொறச்சது சரிதான்" என்று உட்கார்ந்தார். அதுதான் அவர்.

அன்று சாயந்திரம் கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பாம்பு எங்குட்டு வேணும்னாலும் போகட்டும். கடைசியில புஸ்தகத்துக்குத் திரும்பி வந்துரணும். நம்ம பிள்ளைக பரீட்சைய பாம்புகிட்டயா எழுதப் போகுது?" அதன்படி, அன்றன்று போன கேள்வி பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் போய்ச் சேருகிறது என்பதைக் கரும்பலகையின் வலது மூலையில் எழுத வேண்டும். எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. செய்துபார்த்த பிறகு, என் முறைக்கு முதுகெலும்பே அதுதான் என்று புரிந்தது. ரெஹானா, நீ இதை ஆரம்பித்தால் அந்த வலது மூலையை மட்டும் விட்டுவிடாதே.

இனி பாண்டிச்செல்வி கதைக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட முடியாது.

பாண்டிச்செல்வி பதினொன்றாம் வகுப்பு. நடு பெஞ்சு, நடு மார்க். கேள்வி கேட்டால் எழுந்து நின்று, கொஞ்சம் யோசித்து, பாதி சரியாகச் சொல்வாள். அவள் அப்பா கருப்பையா கல்யாணச் சமையல்காரர். காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் அவர் கைப்பக்குவத்துக்கு நல்ல பெயர். கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம், ஐப்பசியில். வருடம் முழுக்கப் பூட்டிக்கிடந்து, கல்யாணம் கார்த்திகை என்றால் மட்டும் திறக்கிற வீடு. கருப்பையா தன் ஆட்களோடு முன்கூட்டியே போய்விட்டார். காய் நறுக்க அவர் மனைவியும் கூடப் போனார், பாண்டிச்செல்வியும் லீவு சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது இரண்டாவது முற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியில், சமையல் ஆட்கள் படுக்கை. புழுக்கத்துக்குத் தரை ஜில்லென்று இருக்கும் என்று பாய்கூட இல்லாமல் படுத்திருக்கிறார் கருப்பையா.

விடியக்காலையில் அவருக்கு வயிற்றைப் பிடுங்குகிற வலி. இரண்டு முறை வாந்தி. ஆனால் மனிதர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கல்யாண வீட்டில் சமையல்காரனுக்கு வயிற்று வலி என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? முதல்நாள் ராத்திரி ஊரே அவர் கையால் சாப்பிட்டிருக்கிறது. "சமையக்காரனுக்கே வயிறு போச்சுன்னா பந்தியில எவன் வந்து உக்காருவான்?" என்று மனைவியிடம் சொல்லி, சுக்கைத் தட்டிப் போட்டுக் குடித்துவிட்டு, காலைப் பலகாரத்துக்கு அடுப்பு மூட்டப் போய்விட்டார். நாக்கு குழறியதும், கல்யாண வீட்டுக்காக மேற்பார்வை பார்த்தவர், ராத்திரி தண்ணியடித்துவிட்டான் போல என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருப்பையா அதையும் மறுக்கவில்லை. சாப்பாட்டில் கோளாறு என்ற பெயரைவிடக் குடிகாரன் என்ற பெயர் அவருக்குப் பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது. அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்குப் புரியும்.

நான் வகுப்பில் இருந்தேன். வகுப்பில் செல்போனை அணைத்துவிட வேண்டும் என்பது மேடம் போட்ட சட்டம். பள்ளி அலுவலகத் தொலைபேசிக்கு வந்த அழைப்பை அவரே எடுத்துவிட்டு, அவரே நடந்து என் வகுப்பு வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், பாண்டிச்செல்வி போன்ல இருக்கா. அப்பாவுக்கு முடியலையாம். அந்தப் பிள்ள அழுகல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

ஓடிப்போய் எடுத்தேன்.

"டீச்சர், அப்பாவுக்கு வயித்து வலி. எல்லாரும் வேற என்னமோ சொல்றாக. அப்பாவால இமையத் தூக்க முடியல டீச்சர். தூக்கம்னா நெத்தி சுருங்காதுல்ல? இவுக நெத்தியச் சுருக்கிச் சுருக்கித் தூக்கப் பாக்குறாக. கழுத்தப் பின்னால சாச்சுத்தான் என்னையப் பாத்தாக."

"ஒரு ஆளு ரெண்டாத் தெரியுதாமா?"

"கேட்டேன். ஆமாங்கிறாக. எச்சி முழுங்க முடியல. கடிச்ச தடம் எங்கயும் இல்ல. வீக்கமும் இல்ல. அதனாலதான் டீச்சர் ஒங்களுக்குப் போன் பண்ணுனேன்."

தடம் இல்லை என்பதால் பாம்பு இல்லை என்று ஊரே முடிவு கட்டும் இடத்தில், தடம் இல்லை என்பதாலேயே இவள் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. நடக்க விடாத. டாக்டர்கிட்ட வயித்து வலின்னு ஆரம்பிக்காத. ராத்திரி தரையில படுத்தாக, இமை இறங்குது, கட்டுவிரியனா இருக்குமோன்னு சந்தேகமா இருக்குன்னு அதே வரிசையில சொல்லு."

"கல்யாண வீட்டுல பாம்புன்னு சொல்லக்கூடாதுங்கிறாரு இங்க மேற்பார்வை பாக்குறவரு."

போனில் அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கல்யாணப் பெண்ணின் அப்பத்தா முறை ஆச்சி என்று பிறகு தெரிந்தது. "என்னங்கடி அங்குட்டுக் குசுகுசுன்னு?" என்று வந்தவர் விஷயத்தைக் கேட்டதும், "மாப்பிள்ளை அழைக்கப் போற கார் சும்மாதான நிக்கிது, அதுல ஏத்துங்க. பந்திய நான் பாத்துக்கிறேன். மொதல்ல ஆளப் பாருங்க" என்றார். அந்த ஆச்சியை நான் நேரில் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் அன்று பணியில் இருந்தவர் ஒரு இளம் டாக்டர். பாண்டிச்செல்வி சொன்ன வரிசையைக் கேட்டதும் வேறு பேச்சே பேசவில்லை. டார்ச்சை எடுத்துக் கண்ணைப் பார்த்தார், கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார், விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்துவிட்டார். நானும் மேடமும் போய்ச் சேரும்போது கருப்பையாவுக்கு மூச்சு மேலோட்டமாக வந்துகொண்டிருந்தது. குழாய் போட்டு, காற்றுப் பையைக் கையால் அமுக்கிக்கொண்டே ஆம்புலன்சில் ஏற்றி, சிவகங்கைக்கு அனுப்பினார்கள். அங்கே செயற்கை சுவாச மெஷினில் வைத்தார்கள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. கஷ்டமான பகுதி இதற்கப்புறம்தான்.

கட்டுவிரியன் விஷம் நரம்பின் முனையையே கெடுத்துவிடும். மருந்து, மேற்கொண்டு கெடாமல் தடுக்கும். கெட்டுப்போன முனைகள் திரும்ப முளைக்கிறவரை மெஷின்தான் மூச்சு விட வேண்டும். மறுநாள் நாங்கள் போனபோது கருப்பையா கட்டை மாதிரி கிடந்தார். கை, கால், விரல், இமை எதுவும் அசையவில்லை. கண்மணிகூட வெளிச்சத்துக்குச் சுருங்கவில்லை. பார்க்கிற யாரும் செத்துவிட்டார் என்றுதான் சொல்வார்கள். டாக்டர்கள் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பாண்டிச்செல்வியின் தாய்மாமனுக்கு நம்பிக்கை போய்விட்டது.

"கண்ணு முழியே அசையல. மெஷினப் பிடுங்குனா அம்புட்டுத்தான். இங்க அனாதையாக் கிடந்து போறதுக்கு, கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவோம்த்தா. உசுரு அவரு வீட்டுல போகட்டும்" என்று தங்கையிடம் சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கண்ணிலும் தண்ணீர். பாண்டிச்செல்வியின் அம்மா அண்ணன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான்.

நான் வாயைத் திறந்தேன். மேடம் என் முழங்கையைப் பிடித்தார். "இருங்க டீச்சர். நாம சொன்னா வாத்தியாரம்மா ஏதோ சொல்றாகன்னு போயிரும். அவ பேசட்டும்."

பாண்டிச்செல்வி மாமன் முன்னால் போய் நின்றாள். வகுப்பில் நிற்பது போலவே, கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேசினாள்.

"மாமா, பந்தியில ஆளு உக்காந்திருக்கு. இலை போட்டாச்சு. அடுப்படியில சோறு வெந்து எறக்கியாச்சு. எடுத்துட்டு வந்து பரிமாற ஆளு மட்டும் இல்ல. அப்ப இலையில ஒண்ணும் விழுகாது. அதுக்காக அடுப்படியில சோறே இல்லேன்னு ஆயிருமா?"

"என்னத்தா சொல்ற?" என்றார் மாமன்.

"அப்பா மூளை அடுப்படி மாமா. அங்க எல்லாம் சரியா இருக்கு. கை காலு, கண்ணு, நெஞ்சு எல்லாம் பந்தி. அதுவும் சரியா இருக்கு. நடுவுல பரிமாறுற ஆளுகளத்தான் பாம்பு அடிச்சுப் போட்டிருச்சு. புது ஆளு வந்து சேர நாளாகும். அதுவரைக்கும் மெஷினு மூச்சப் பரிமாறுது. இப்பத் தூக்கிட்டுப் போனா, நல்லா இருக்கவர நாமளே கொண்டு போயிச் சாகடிச்சதா ஆயிரும். அத்தோட நீங்க பேசுறது பூராம் அவுகளுக்குக் கேக்கும்."

இந்த உவமையை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. நான் சொன்னதெல்லாம் நரம்பு முனை, தசை, நடுவில் ஒரு இடைவெளி, அதைத் தாண்டிச் செய்தி கொண்டு போகிற அசிட்டைல்கோலின், வலது மூலையில் ஒரு பக்க எண். அவள் அதைத் தன் அப்பாவின் அடுப்படிக்குக் கொண்டுபோய், தானே சமைத்து எடுத்து வந்திருந்தாள். ஆஸ்பத்திரி நடைபாதை என்றும் பார்க்காமல் எனக்கு அழுகை பொங்கிவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை. அத்தனை வருடத்தில் என்னைவிடப் பெரிய வாத்தியார் இந்த ஜில்லாவில் கிடையாது என்று நான் நினைத்த ஒரே நாள் அதுதான், அதை மறைக்க மாட்டேன்.

மாமன் நம்பினாரா என்று கேட்டால், நம்பவில்லை. ஆனால் கேக்கும் என்ற வார்த்தையில் ஆடிப்போய்விட்டார். அவ்வளவு நேரம் கட்டில் பக்கத்தில் நின்று என்னென்ன பேசினோம் என்று அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்த டாக்டரும், பிள்ளை சொல்வது சரிதான், அவருக்குச் சுயநினைவு இருக்கிறது என்றுதான் நாங்களும் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். அம்மா தலையாட்டுவதை நிறுத்தினார். "எம் மக சொல்றபடி இருக்கட்டும்ணே" என்றார். கையெழுத்து விழவில்லை.

டாக்டர் அனுமதியோடு பாண்டிச்செல்வி உள்ளே போய் அப்பாவின் காதருகே குனிந்தாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற எங்களுக்கு அவள் உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அப்படிப் போய்ப் பேசினாள். பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவைப் பற்றி நான் கேட்டபோது, "அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கா? ஒங்க பாடத்துலதான இருக்கா?" என்றார் மேடம்.

சில நாள் கழித்துக் கால் கட்டைவிரல் அசைந்தது. பிறகு இமை. பிறகு மெஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார்கள். கண்டனூர் வீட்டில் அந்தப் பாம்பைத் தேடி, விறகையும் பாத்திரத்தையும் புரட்டிப்போட்டார்கள், கடைசிவரை கண்ணில் படவில்லை.

பாண்டிச்செல்வி டாக்டர் ஆகவில்லை. எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி முடித்துவிட்டு இப்போது அப்பாவோடு கேட்டரிங் நடத்துகிறாள். எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவள் ஆட்களுக்குக் கட்டிலும் கொசுவலையும் கொடுத்தால்தான் வேலைக்கு வருவார்கள்.

கருப்பையா நடமாட ஆரம்பித்த பிறகு ஒருநாள், மனைவியோடு பள்ளிக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். தலைமையாசிரியை அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மேடம் தன் வழக்கப்படி ஆரம்பித்தார்.

"எனக்கு ஒண்ணு விளங்கலண்ணே. அசையாமக் கிடந்தப்ப நெசமாவே ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"எல்லாம் கேட்டுச்சும்மா. மச்சான் என்னைய வீட்டுக்குக் கொண்டு போவோம்னது கேட்டுச்சு. இவ அழுதது கேட்டுச்சு. கையத் தூக்கி, இருக்கேன்னு சொல்லணும்னு பாக்குறேன், கை என்னுதாவே இல்ல." தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். விழுங்குவதை நாங்கள் எல்லாருமே பார்த்துக்கொண்டிருந்தோம். "எல்லாரும் அழுகுறாக, ஒடம்பு அசையல, கண்ணு இருட்டு. சரி, செத்துப்போயிட்டோம், செத்தா இப்படித்தான் போலன்னு நானும் நெனச்சுக்கிட்டுத்தாம்மா கிடந்தேன். எம் மக வந்து காதுல பாடம் சொன்ன பெறகுதான், நான் இன்னும் சாகலேன்னு எனக்கே தெரிஞ்சுச்சு."